அமராவதி திருத்திய அறுபத்தெட்டாம் பக்கம்

என் தங்கை அமராவதி எம்.எஸ்சி. வேதியியலில் எழுபத்தெட்டு சதவீதம் எடுத்துத் தேறினாள். தேவனாம்பட்டினத்தில் எங்கள் தெருவில் அதற்கு முன்பு கல்லூரிப் படியேறிய பெண் கிடையாது. நான் எட்டாவதோடு நின்றவன். கடலூர் முதுநகரில் துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு ஐஸ் கம்பெனியில் இருபத்திரண்டு வருடமாக வேலை பார்க்கிறேன். படகுகளுக்குப் போகும் ஐஸ் பார்களை எண்ணி, எடை போட்டு, வண்டியில் ஏற்றி அனுப்புவது என் பொறுப்பு. ஒரு பார் ஐம்பது கிலோ இருக்க வேண்டும். சரியாக உறையாமல் நாற்பத்தெட்டு கிலோ இருந்தால் அதைத் திரும்ப அச்சுக்கே அனுப்பிவிடுவேன். இதற்காக என்னைக் கேலி செய்பவர்கள் உண்டு.

அம்மா இறந்தபோது அமராவதிக்கு நான்கு வயது, எனக்குப் பதினைந்து. அப்பா ராஜாமணி விடியும் முன்பே கடலுக்குப் போய்விடுவார். அவளுக்கு இரட்டைப் பின்னல் போடக் கற்றுக்கொண்டேன். முதல் ஒரு மாதம் இரண்டு பின்னலும் ஒரே உயரத்தில் வராது. அவிழ்த்துவிட்டு மறுபடி போடுவேன். "போதும்ணா, மணி அடிச்சிடுவாங்க" என்று அழுவாள். வேலை முடிந்து நான் வரும்போது என் கைகள் சில்லென்று இருக்கும். மற்ற நாட்களில் அந்தக் கையால் தொட்டால் கத்துவாள். காய்ச்சல் வந்தால் மட்டும் அவளே என் கையை எடுத்து நெற்றியில் வைத்துக்கொள்வாள்.

இரண்டாயிரத்து நான்கு டிசம்பர் இருபத்தாறு, ஞாயிற்றுக்கிழமை. அப்பா கரையில் உட்கார்ந்து வலை பிரித்துக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள்தான் கிடைத்தார். அமராவதி அப்போது பன்னிரண்டாம் வகுப்பு. அலையில் வீட்டோடு புத்தகங்களும் போயின. தற்காலிகக் கொட்டகையில் தங்கியிருந்த இரண்டு மாதத்தில், அவள் தோழியிடம் வேதியியல் புத்தகத்தை இரவல் வாங்கி நான் கையால் நகல் எடுத்தேன். புரியாத எழுத்துகளைப் படம் வரைவதுபோல வரைந்தேன். கட்டங்களுக்கு அளவுகோல் வைத்துக் கோடு போட்டேன். அந்த நோட்டைப் படித்துத்தான் பரீட்சை எழுதினாள். வேதியியலில் இருநூற்றுக்கு நூற்று எண்பத்தேழு.

பிறகு கடலூரிலேயே பி.எஸ்சி., அதன்பின் சிதம்பரத்தில் எம்.எஸ்சி. இரண்டாயிரத்துப் பத்தில் சிதம்பரம் கீழ வீதிப் பக்கம் ஒரு மாடியில் இருந்த சிறிய அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். லூர்துசாமி சார் நடத்தியது. யாராவது தொழிற்சாலை கட்டுவதென்றால், அதனால் காற்றுக்கும் தண்ணீருக்கும் என்ன ஆகும் என்று அறிக்கை எழுதிக் கொடுக்கும் அலுவலகம். ஒரு நாள் ரசாயன ஆலைகள் இருக்கும் செம்மங்குப்பத்தில் கிணற்றுத் தண்ணீர் எடுப்பாள், மறுநாள் நிலக்கரிச் சுரங்கத்துக்குப் பக்கத்தில் கம்மாபுரத்தில் தூசி அளப்பாள். என் மனைவி சௌந்தரம் வாசலிலேயே அவளை நிறுத்தி முகர்ந்து பார்ப்பாள்.

"இன்னிக்கு செம்மங்குப்பம் தானே?"

"எப்படி அண்ணி?"

"நேத்து தலையெல்லாம் கரி. இன்னிக்கு முட்டை அழுகுன நாத்தம். போய் குளி, அப்புறம்தான் சோறு."

இரண்டாயிரத்துப் பதினொன்றில் அவர்கள் அலுவலகத்துக்கு ஒரு பெரிய வேலை வந்தது. வளைகுடா நாடு ஒன்றிலிருந்து ஏற்றுமதியாகும் இயற்கை எரிவாயுவைக் கப்பலில் கொண்டுவந்து, எங்கள் கரைக்குச் சற்றுத் தெற்கே கடலுக்குள் துறை கட்டி இறக்கி, அதை எரித்து மின்சாரம் எடுக்க ஒரு தனியார் கம்பெனி போட்ட திட்டம். நிலக்கரிக்குப் பதில் எரிவாயு எரித்தால் கரிப்புகை எவ்வளவு குறையும் என்ற அட்டவணையைத் தயாரிக்கும் பொறுப்பு அமராவதிக்கு. அறிக்கையில் அறுபத்தெட்டாம் பக்கம். நிலக்கரியின் புகை நூறு என்றால் எரிவாயுவின் புகை ஐம்பது என்று அதில் இருந்தது. உலகம் சூடாவதைத் தடுக்க இரண்டாயிரத்து இருபதுக்குள் புகையைக் குறைப்பதாக நாடு சொல்லியிருக்கும் இலக்குக்கு இந்தத் திட்டம் உதவும் என்றும் கீழே ஒரு வரி. அதற்கும் கீழே, தயாரித்தவர்: ரா. அமராவதி, எம்.எஸ்சி.

அந்த அறிக்கையின் தமிழ் வடிவம் இரண்டாயிரத்துப் பன்னிரண்டு ஜனவரியில் பொதுமக்கள் பார்வைக்கு வந்தது. தானே புயல் அடித்து மூன்று வாரம் ஆகியிருந்தது. பாதித் தெருவுக்குக் கூரை இல்லை. கம்பங்கள் விழுந்து கிடந்தன. கரண்டு வந்த இடத்திலும் ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம், பத்து மணி நேரம் நிறுத்தினார்கள். ஐஸ் கம்பெனியில் தண்ணீர் உறைய ஒரு நாள் முழுக்கக் கரண்டு வேண்டும். நடுவில் நின்றால் பார் நடுவே குழம்புபோல இருக்கும். ஐஸ் இல்லாமல் படகு கிளம்பாது. எங்கள் ஊர் அந்த மின்சாரத் திட்டத்தை எவ்வளவு எதிர்பார்த்தது என்பதை இதிலிருந்து தெரிந்துகொள்ளலாம்.

நான் ஒரு காரியம் செய்தேன். அறுபத்தெட்டாம் பக்கத்தை மட்டும் முதுநகர் கடையில் நாற்பத்திரண்டு ஜெராக்ஸ் எடுத்தேன். ஒவ்வொன்றிலும் தங்கையின் பெயருக்குக் கீழே அளவுகோல் வைத்துச் சிவப்புக் கோடு போட்டேன். ஊரில் நாற்பத்திரண்டு வீடுகளுக்குக் கொடுத்து, யார் யாருக்குக் கொடுத்தேன் என்று நோட்டில் எழுதிக்கொண்டேன். "நம்ம பொண்ணு எழுதியிருக்கு. புகை பாதிதான். பயப்பட ஒண்ணுமில்ல" என்று சொல்லிச் சொல்லிக் கொடுத்தேன். மார்ச் ஏழாம் தேதி கடலூரில் மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம். ஊர்ப் பஞ்சாயத்தார் அதற்கு முன்பே கூடி, சரி என்று சொல்லிவிடுவதாக முடிவெடுத்தார்கள்.

பிப்ரவரி பன்னிரண்டு, ஞாயிறு. அமராவதி எனக்கு மதியச் சாப்பாடு எடுத்துக்கொண்டு கம்பெனிக்கு வந்தாள். அப்போது வாசலில் ஒரு சண்டை. படகுக்காரர் ஒருவர் வண்டிக்காரனைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"இருபது பார்னு இவரு ஏத்தி அனுப்புறாரு. கரையில வந்து பாத்தா பதினேழு பார் ஐஸுகூட தேறல. மூணு பார எங்கடா வித்த?"

"நான் ஏன் விக்கிறேன்? ரோட்டப் பாரு. கரண்டு இல்லாம பாதி வெந்த ஐஸ், வழியெல்லாம் ஒழுகுது. நக்கிப் பாக்குறியா?"

நான் சமாதானம் செய்துவிட்டுத் திரும்பினேன். அமராவதி தூக்குச்சட்டியைக் கீழே வைத்துவிட்டு, வண்டியின் பின்பக்கம் சொட்டிக்கொண்டிருந்த தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அண்ணா, அங்க கரையில எடை போட்டுப் பாப்பாங்களா?"

"யாரு பாக்குறா. உருகுறது உருகும். இங்க போடுற எடைதான் எடை."

"நான் கரையில மட்டும் போட்டுட்டேன்" என்றாள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. சாப்பிடச் சொல்லிவிட்டு வேகமாகப் போய்விட்டாள்.

வீட்டுக்குப் போனபோது அறிக்கையை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் சொன்னதை எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன். அந்த வளைகுடா நாட்டில் எரிவாயுவைப் பூமியிலிருந்து எடுத்து, ஐஸைவிடப் பல மடங்கு குளிரவைத்து, மைனஸ் நூற்று அறுபது டிகிரியில் திரவமாக்கிக் கப்பலில் ஏற்றுகிறார்கள். அப்படிக் குளிரவைப்பதற்கே நிறைய எரிக்க வேண்டும். வரும் வழியில் அது கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகிறது. கிணற்றிலும் குழாயிலும் ஏற்றும் இடத்திலும் கசிவது வேறு. இவை எதுவும் அவள் அட்டவணையில் இல்லை. எங்கள் துறையில் இறங்கும் அளவை எடுத்துக்கொண்டு, இங்கே எரிவதை மட்டும் கணக்கிட்டிருந்தாள்.

"கசிஞ்சா போகட்டும். எரியவே இல்லையே, புகை எங்கருந்து வரும்?" என்றேன்.

"எரியாம போறதுதாண்ணா ஜாஸ்தி மோசம். எரிஞ்ச புகை ஒரு பங்கு சூட்டப் பிடிச்சு வச்சுதுன்னா, எரியாத கேஸ் இருவத்தஞ்சு பங்கு பிடிச்சு வைக்கும். அதுவும் நூறு வருஷக் கணக்குல."

"கம்பெனிக்காரன் கொடுத்த ஃபாரத்துல அதுக்கு எடம் இருந்துச்சா?"

"இல்ல. ஆனா நான் கேட்டிருக்கணும். எனக்குக் கேக்கவே தோணல." அறிக்கையை மூடினாள். "அப்பா கரைக்கு வந்தா நாம என்னிக்காவது எவ்ளோ நழுவிப் போச்சுன்னு கேட்டிருக்கோமா?"

அது உண்மை. எங்கள் ஊரில் எண்ணிக்கை கரையில்தான் தொடங்கும். வலை கிழிந்து போன மீனையும், வழியில் கெட்டுக் கடலில் கொட்டிய மீனையும் பற்றி வந்தவரிடம் கேட்கக் கூடாது. கேட்டால் மறுநாள் வலைக்கு ஆகாது என்பார்கள். பிறந்ததிலிருந்து கேட்காமலே பழகிய வீடு. அவளும் கேட்கவில்லை.

"ஏத்துமதி பண்ற நாடு, எரிக்கிறது நாங்க இல்லன்னு சொல்லும். நாம, கசிஞ்சது இங்க இல்லன்னு சொல்லுவோம். நடுக்கடல்ல போறத யாருமே எழுத மாட்டாங்க. எல்லார் பேப்பர்லயும் புகை குறைஞ்சிருக்கும். மேல மட்டும் ஜாஸ்தி ஆகிட்டே இருக்கும்" என்றாள்.

மறுநாள் நான் விடுப்பு சொல்லிவிட்டு அவளோடு சிதம்பரம் போனேன். லூர்துசாமி சார் கெட்டவர் இல்லை. எனக்கு நாற்காலி போட்டு, டீ வரவழைத்துக் கொடுத்துவிட்டுத்தான் பேச்சைத் தொடங்கினார். அமராவதி கொடுத்த தாள்களை இரண்டு தடவை படித்தார்.

"நீ சொல்றது சரிம்மா. நானும்தானே கையெழுத்து போட்டேன், என் கண்ணுலயும் படல. கூட்டம் முடியட்டும். கடைசி அறிக்கையில ஒரு அனுபந்தம் சேர்த்துடலாம்."

"கூட்டத்துலதான சார் ஜனங்க சரின்னு சொல்லப் போறாங்க. அதுக்கு முன்னாடி சேக்கணும்."

"அதுக்குக் கம்பெனி ஒத்துக்கணும். போன்ல கேட்டா என்ன சொல்வாங்கன்னு எனக்குத் தெரியும்."

"அப்போ கூட்டத்துல நான் சொல்லிடறேன் சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "ஊர்க்காரியா பேசினா உன்னை யாரும் தடுக்க முடியாது. என் ஆபீஸ்ல சம்பளம் வாங்கிட்டு பேச முடியாதும்மா. இங்க நாலு பேரு வேலை செய்றாங்க. மார்ச் ஏழு வரைக்கும் யோசி."

பேருந்தில் நான் அவளிடம் கெஞ்சினேன் என்றே சொல்ல வேண்டும். மறைக்க விரும்பவில்லை. "விட்டுடு பாப்பா. சாரே அப்புறம் சேக்கறேன்னு சொல்றாரே. கரண்டு வந்தா ஊருக்கே நல்லது. எனக்கும் வாரத்துல மூணு நாள்தான் வேலை இருக்கு. நீ கஷ்டப்பட்டு வாங்கின வேலை" என்று பரங்கிப்பேட்டைத் திருப்பம் தாண்டும்வரை சொல்லிக்கொண்டே வந்தேன். அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆலப்பாக்கம் வந்தபோது கேட்டாள். "நீ எத்தினி காப்பி கொடுத்தண்ணா?"

"நாப்பத்திரண்டு."

"அவுங்க யாரும் அட்டவணையப் படிச்சிட்டு சரின்னு சொல்லல. நீ போட்ட சிவப்புக் கோட்டப் பாத்து சொன்னாங்க."

வீட்டுக்கு வந்து, பெயர்கள் எழுதிய நோட்டை எடுத்துக் கொடுத்தேன்.

மறுநாள் மாலையிலிருந்து வீடு வீடாகப் போனோம். அவள் நீல மசிப் பேனா வைத்திருந்தாள். ஐம்பது என்ற எண்ணை ஒரே கோட்டில் அடித்துவிட்டு, பக்கத்தில் "எழுபதுக்கு மேல் இருக்கலாம், ஏற்றும் துறைமுகத்திலிருந்து இன்னும் அளக்கவில்லை" என்று எழுதி, சுருக்கொப்பமும் தேதியும் போடுவாள். நான் நோட்டில் அந்த வீட்டுப் பெயருக்கு நேரே குறி போடுவேன். பழைய எண் தெரியாதபடி கறுப்பாக அடித்துவிடலாமே என்றேன். "தப்பும் தெரியணும்ணா, அப்பதான் எது மாறிச்சுன்னு தெரியும்" என்றாள்.

இருசம்மாள் அத்தை அந்தப் பக்கத்தைச் சோற்றுப் பசை தடவிச் சுவரில் சாமி படத்துக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்தாள். தலையில் கூடை சுமந்து தெருத்தெருவாக மீன் விற்பவள். எழுத்துக் கூட்டிக்கூடப் படிக்கத் தெரியாது.

"உம் பேரு இருக்குதுன்னு உங்கண்ணன் சொன்னான். அதான் ஒட்டி வச்சேன். இப்ப இன்னா பண்ற?"

"தப்பா எழுதிட்டேன் அத்தை. திருத்தறேன்."

"எவ்ளோ தப்பு?"

"பாதிப் புகைன்னு எழுதினேன். முக்கால் கிட்ட வரும். அதுக்கு மேலயும் இருக்கலாம். சரியா அளந்தவங்க இன்னும் இல்ல."

"எனக்கு முக்காலும் தெரியாது, காலும் தெரியாது. ஆனா எடை தப்புன்னு கூடைக்காரியே வந்து சொல்றத இப்பதான் பாக்குறேன்." சுவரில் எழுதுவதற்கு எட்டாமல் அமராவதி எக்கினாள். அத்தை ஒரு பலகையை இழுத்துப் போட்டாள். "ஏறி நின்னு எழுது. சாமி மேல மசி படாம எழுது."

எல்லா வீட்டிலும் அப்படி இல்லை. சௌந்தரத்தின் தம்பி மணிவண்ணன் என்னைப் பார்த்துச் சிரித்தான். "மச்சான், சிவப்புக் கோடு போட்டுக் கொடுத்தீங்க, இப்ப நீலக் கோடு. அடுத்த மாசம் பச்சையா?"

"அடுத்த மாசம் உன் வாயில போடுறேன் கோடு" என்று, எங்களோடு வந்திருந்த அவன் அக்காதான் பதில் சொன்னாள்.

ஒரு வீட்டில் பக்கம் கிடைக்கவே இல்லை. கருவாடு சுற்றி விழுப்புரம் சந்தைக்கு அனுப்பிவிட்டதாகச் சொன்னார்கள். அமராவதி அங்கேயே சற்று நின்றாள். நோட்டில் அந்தப் பெயருக்கு நேரே நான் ஒரு கேள்விக்குறி போட்டேன்.

ஆறாம் நாள் செம்பியன் மாமா வீடு. எங்கள் ஊர்ப் பஞ்சாயத்துத் தலைவர் அவர்தான். திட்டத்துக்குச் சரி சொல்லலாம் என்று ஊரைச் சம்மதிக்க வைத்தவரும் அவர்தான். வாசலில் புதுக் கூரைக்குக் கீற்று முடைந்துகொண்டிருந்தார். அமராவதி நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கடைசிவரை கீற்றிலிருந்து கையை எடுக்கவில்லை.

"முடிச்சிட்டியா? நாலு கூட்டம் போட்டு, ஒவ்வொருத்தன் கால்ல விழாத குறையா பேசி சம்மதிக்க வச்சேன். கரண்டு இல்ல, ஐஸ் இல்ல, படகெல்லாம் கரையில கிடக்குது. உங்கண்ணனுக்கும் வேலை இல்ல. தெரியுமில்ல?"

"தெரியும் மாமா. திட்டம் வேணாம்னு நான் சொல்லல. எண்ணு தப்புன்னுதான் சொல்றேன்."

"எம்.எஸ்சி. படிச்சவ எழுதுனதே தப்புன்னா, இனிமே நாங்க எந்தக் காயிதத்த நம்புறது? ஒன்னத்தான நம்புனோம்."

அவர் சத்தமாகச் சொல்லவில்லை. அமராவதி பேனாவை மூடித் திரும்ப நடந்தாள். கைக்குக் கிடைத்த பக்கங்களில் அந்த ஒன்றில் மட்டும் திருத்தம் விழவில்லை. வழியில் நான் தோளைத் தொட்டேன். "வேலை போனா வேற தேடிக்கலாம்ணா. மாமா கேட்டதுக்கு என்ன பதில் சொல்றது?" என்றாள். அவள் பயந்தது அதற்குத்தான் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. நாங்கள் வளர்ந்த ஊர் இனி அவள் எழுத்தை நம்புமா என்பது.

மார்ச் ஏழு, புதன்கிழமை. கடலூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் கூட்டம். முன்னூறு பேருக்கு மேல் இருந்தோம். மேடையில் அதிகாரிகள் நான்கு பேர், ஓரமாகக் கம்பெனிக்காரர்கள். மண்டப வாசலில் லூர்துசாமி சார் நின்றிருந்தார். அமராவதி வேலையை விடுவதாக எழுதிய கடிதத்தை அவரிடம் கொடுத்தாள். பிரித்துப் படிக்காமல் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"மைக்க ரொம்பக் கிட்ட வச்சுக்காத, கரகரங்குது. மெதுவா பேசு" என்றார்.

அவளுக்கு முன் பதினொரு பேர் பேசினார்கள். சிலர் துறை வந்தால் வலை போட இடம் போகும் என்றார்கள், பலர் கரண்டு வேண்டும் என்றார்கள். பன்னிரண்டாவதாக அவள் எழுந்தாள். நான் கடிகாரம் பார்த்தேன். நான்கு நிமிடம் பேசினாள்.

"என் பேரு அமராவதி. தேவனாம்பட்டினம். அறுபத்தெட்டாம் பக்கத்து அட்டவணைய நான்தான் தயாரிச்சேன். அதுல ஒரு தப்பு இருக்கு. கப்பல்ல இருந்து இங்க இறங்குற கேஸ மட்டும் கணக்குல எடுத்தேன். அங்க எடுக்கும்போதும், குளிர வைக்கும்போதும், வர்ற வழியிலயும் போறத சேக்கல. சேத்தா நிலக்கரிக்கு இது பாதின்னு சொல்ல முடியாது. எவ்ளோன்னு எனக்கும் உறுதியா தெரியாது, ஏன்னா ஏத்துற எடத்துல அளந்த கணக்கு எங்களுக்குக் கொடுக்கல. அதைக் கேட்டு வாங்கி, திருத்தின பக்கத்தத் தமிழ்ல எங்களுக்குக் காட்டணும். அதுக்கப்புறம் கேளுங்க வேணுமா வேணாமான்னு."

மேடையில் இருந்த அதிகாரி கேட்டார். "நீங்களே தயாரிச்சதை நீங்களே தப்புங்கிறீங்களா?"

"ஆமா சார்."

"அப்ப யாராவது சொல்லிக் கொடுத்துப் பேசறீங்களா?"

மண்டபத்தில் சலசலப்பு. அமராவதி மைக்கைப் பிடித்தபடி நின்றாள். அவள் பதில் சொல்வதற்குள் நடுவரிசையில் செம்பியன் மாமா எழுந்தார். மைக் கொடுக்க ஓடி வந்தவரை வேண்டாம் என்று கையால் தடுத்தார். அவர் குரலுக்கு மைக் தேவையில்லை.

"யாரும் சொல்லிக் கொடுக்கல சார். போன மாசம் ஆறு நாளா எங்க ஊர்ல வீடு வீடா வந்து தன் தப்பத் தானே திருத்துச்சு. என் வீட்டுக்கும் வந்துச்சு, நான்தான் திட்டி அனுப்பிட்டேன். எங்களுக்குக் கரண்டு வேணும், அதுல மாத்தமில்ல. ஆனா அந்தப் பொண்ணு கேக்குற கணக்கக் கொண்டாந்து காட்டுங்க. அதுவரைக்கும் தேவனாம்பட்டினம் சரின்னும் சொல்லல, வேணாம்னும் சொல்லல. இப்படியே எழுதிக்குங்க."

அப்படியே எழுதினார்கள். எழுதியதைப் படித்தும் காட்டினார்கள். ஏற்றும் துறைமுகத்திலிருந்து கணக்கிட்டு அட்டவணையைத் திருத்த வேண்டும் என்பது கூட்டக் குறிப்பில் ஒன்பதாவதாக இருக்கிறது. கம்பெனிக்காரர்கள் கோப்புகளை அடுக்கினார்கள். இதை எழுதும் நாள்வரை திருத்திய பக்கம் வரவில்லை, திட்டமும் அப்படியே நிற்கிறது. கரண்டு நிறுத்தம் குறையவில்லை. எனக்கு வாரத்தில் நான்கு நாள் வேலை இருக்கிறது.

அமராவதிக்கு ஜூன் மாதம் சிதம்பரத்தில் ஒரு தனியார் பள்ளியில் வேதியியல் ஆசிரியை வேலை கிடைத்தது. லூர்துசாமி சார்தான் அந்தப் பள்ளி முதல்வரிடம் அவளைப் பற்றிச் சொன்னாராம். என்ன சொன்னார் என்று அவள் என்னிடம் சொல்லவில்லை, சிரித்துவிட்டுப் போய்விட்டாள். ஆனால் இடையில், வேலை இல்லாமல் வீட்டில் இருந்த அந்த மூன்று மாதத்தின் தொடக்கத்தில், அவள் சரியாகச் சாப்பிடவில்லை. தெருவில் இறங்கிப் போகவும் இல்லை. மண்டபத்தில் ஆதரவாகப் பேசியது வேறு, மனசுக்குள் நம்புவது வேறு என்றாள். நான் ஏதாவது சொன்னால் "சரிண்ணா" என்பாள். காய்ச்சல் இல்லாமலே ஒரு நாள் என் கையை எடுத்து நெற்றியில் வைத்துக்கொண்டாள்.

மார்ச் இருபத்தைந்து, ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி. கரண்டு இல்லை. சௌந்தரம் வாசலில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். செம்பியன் மாமா வந்து நின்றார். கையில் சுருட்டிய தாள்கள்.

"எங்க அது?"

"எது மாமா?" என்றாள் சௌந்தரம். "மீனா?"

"ஒன் நாத்தனா."

அமராவதி உள்ளேயிருந்து வந்தாள். அவர் தாள்களை நீட்டினார். புயலில் போன படகுகளின் நிவாரணப் பட்டியல், அதற்கு மேல் அதிகாரிகள் எழுதிய குறிப்பு. ஊர் சார்பில் அவர் கையெழுத்துப் போட்டுத் திங்கட்கிழமை திருப்பிக் கொடுக்க வேண்டுமாம்.

"மத்தவன்கிட்ட கொடுத்தா எல்லாம் சரிதான்னு சொல்லிடுவான். எங்க தப்பு இருக்குன்னு நீ பாத்துச் சொல்லு. நீ சொன்னாத்தான் கையெழுத்து போடுவேன்."

அமராவதி என்னைப் பார்த்தாள். பிறகு வெளிச்சத்துக்காக வாசற்படிக்கு வந்து உட்கார்ந்தாள். முதல் தாளை மெதுவாகப் படித்தாள், இரண்டாவது, மூன்றாவது. திரும்ப மூன்றாவதன் அடியைப் பார்த்தாள்.

"மாமா, இது நாலு பக்கம்னு போட்டிருக்கு. நாலாவது எங்க?"

"அதுல ஒண்ணும் இல்லம்மா. சும்மா முத்திரைதான் இருந்துச்சு. வீட்லயே வச்சுட்டு வந்துட்டேன்."

"அதையும் பாக்காம நான் சரின்னு சொல்ல மாட்டேன் மாமா."

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "வெயிலு வேற" என்று முணுமுணுத்தபடி தன் வீட்டை நோக்கி நடந்தார். அவர் நாலாம் பக்கத்தோடு திரும்பி வரும்வரை அமராவதி பேனாவைத் திறக்கவில்லை.